முதல் இடத்தில் எதைப் போடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் சந்தைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். நான், தங்கை, தங்கை மகள். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி முடித்திருக்கிறாள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 12 இடங்கள் கொண்ட பட்டியல், மிகவும் பிடித்தது மேலே, மற்றவை கீழே. ரொட்டி சானாய் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். முதல் வரியில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அந்த இடத்தில் மட்டும் தாள் நைந்து போயிருந்தது.

“மாமா, மருந்தியலை மேல போடவா, கீழ போடவா?”

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து மேசையிலிருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அறிவுரைக்கு வராது. தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் சொன்னார்: “கிடைக்கிறதை மேல போடும்மா. ரொம்ப ஆசைப்பட்டா உள்ளதும் போயிரும்.” தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரத் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. “ஆசைப்பட்டதைத்தான் மேல போடணும். அதுக்குத்தானே பட்டியலே கேக்குறாங்க?” தங்கை என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்கதானே கணக்கு வாத்தியாரு. யாரு சொல்றது சரி?”

இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம். பட்டியல்களை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உள்ளே எந்த விதிப்படி இடங்களைப் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஒரு விதியில் பெரியவர் ஜெயிப்பார், இன்னொரு விதியில் கடைக்காரத் தம்பி. இந்த விதிகளை ஆராயவே பொருளாதாரத்தில் ஒரு கிளை இருக்கிறது. அன்று பாதி ரொட்டியோடு அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

பாலில் கலந்த தண்ணீர்

முதலில் பக்கத்தில் இருக்கும் விஷயத்திலிருந்து தொடங்கலாம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் தன் நிரை மரங்கள், வெயில் ஏறியதும் மரத்தில் கட்டிய கோப்பைகளிலிருந்து மங்கு மங்காகப் பாலை ஊற்றி எடுத்து, காண்டா வாளியில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு நடை. ஸ்டோரில் பாலின் எடைக்குத்தான் கூலி என்று வைத்துக்கொள்வோம். வாளி கனத்தால் கூலியும் கனக்கும். அப்படியானால் வரும் வழியில் அல்லூர் வாய்க்காலிலிருந்து நாலு மங்கு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டால் என்ன? ஒருவர் சேர்ப்பார். அதைப் பார்த்த அடுத்தவர், சேர்க்காமல் இருக்க நான் என்ன ஏமாளியா என்று கேட்பார். கடைசியில் எல்லா வாளியிலும் தண்ணீர். யாரும் கெட்டவர்கள் இல்லை. விதி அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

கங்காணி கத்தலாம், காவல் போடலாம். எத்தனை வாளிக்குக் காவல் போடுவது? தோட்டங்களில் வேறொரு வழி வந்தது. மெட்ரோலாக் என்று ஒரு மிதவைக் கருவி. ரப்பர் தண்ணீரைவிட லேசானது. பாலில் தண்ணீர் கூடக் கூடப் பாலின் அடர்த்தி ஏறும், கருவி கொஞ்சம் உயர்ந்து மிதக்கும். அதிலுள்ள அளவைப் பார்த்து, இந்தப் பாலில் காய்ந்த ரப்பர் இவ்வளவுதான் தேறும் என்று கிராணி குறித்துக்கொள்வார். கூலி அந்தக் காய்ந்த ரப்பருக்கு. இனித் தண்ணீர் கலப்பவருக்கு மிஞ்சுவது தோள்வலிதான்.

இந்தக் கதையில் இரண்டு துறைகள் ஒளிந்திருக்கின்றன. இப்படி ஒரு விதி இருந்தால் ஆட்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று கேட்பது ஆட்டக் கோட்பாடு. ஆட்டம் என்றதும் சீட்டு, சதுரங்கம் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கிடைப்பது என் முடிவோடு நிற்காமல் மற்றவர் முடிவையும் பொறுத்திருந்தால், அதன் பெயர் ஆட்டம். ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் எழுதிய பெரிய புத்தகத்திலிருந்து இந்தத் துறைக்கு வயது கணக்கிடுவார்கள். இதையே தலைகீழாகத் திருப்பி, ஆட்கள் இப்படி நடக்க வேண்டும், அதற்கு என்ன விதி வைக்கலாம் என்று கேட்டால் அது இயங்குமுறை வடிவமைப்பு. இதற்கு அடித்தளம் போட்டதற்காக லியோனிட் ஹர்விச், எரிக் மாஸ்கின், ரோஜர் மையர்சன் மூவருக்கும் 2007இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்போது ஹர்விச்சுக்கு 90 வயது.

அந்த மெட்ரோலாக் செய்ததை மறக்க வேண்டாம். உண்மையாக இருப்பதால் யாருக்கும் நஷ்டம் வராதபடி அது விதியை மாற்றியது. கீழே வரப்போகிற எல்லாவற்றிலும் நாம் தேடப்போவது அதைத்தான்.

அவசரக்கார விதி

சரி, பட்டியலுக்கு வருவோம். ரப்பர் வாங்க வேண்டுமானால் விலையைக் கொடுத்தால் போதும். எந்த மரத்துப் பால் என்று நீங்களும் கேட்பதில்லை, உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று பாலும் சொல்வதில்லை. பல்கலைக்கழக இடம், வேலை, கல்யாணம் எல்லாம் அப்படி இல்லை. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தப் பக்கமும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காசை நீட்டினால் மட்டும் நடக்காது. இவற்றைப் பொருத்தச் சந்தைகள் என்கிறார்கள். பொருத்தம் என்ற சொல்லைத் தமிழில் கல்யாணத்துக்கென்றே எடுத்து வைத்திருக்கிறோம், இங்கேயும் அது கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது.

மூன்று பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிரேமுக்கு 92 புள்ளி, கவிதாவுக்கு 88, தேவிக்கு 81. மூன்று படிப்புகள், மருந்தியல், தாதிமை, ஆசிரியர் பயிற்சி. ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடம். எல்லாப் படிப்புகளும் புள்ளி அதிகம் உள்ளவரையே விரும்புகின்றன. பிரேமுக்கும் கவிதாவுக்கும் முதல் ஆசை மருந்தியல். கவிதாவுக்கு அடுத்து தாதிமை, கடைசியில் ஆசிரியர் பயிற்சி. தேவிக்கு முதல் ஆசை தாதிமை, அடுத்து ஆசிரியர் பயிற்சி.

முதல் விதி இது. எல்லாருடைய முதல் விருப்பத்தையும் எடு, இடத்தைக் கொடு, கொடுத்தது கொடுத்ததுதான். மிச்சம் இருந்தால் இரண்டாம் விருப்பம். அப்புறம் மூன்றாவது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பதைப் பாருங்கள். மருந்தியலைக் கேட்டு பிரேமும் கவிதாவும் நிற்கிறார்கள், பிரேமுக்குக் கிடைக்கிறது. தாதிமையைக் கேட்டது தேவி மட்டும், அவளுக்குக் கொடுத்தாயிற்று. கவிதா இரண்டாவது விருப்பமான தாதிமைக்கு வருகிறாள். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவள் தன்னைவிட ஏழு புள்ளி குறைந்த தேவி. கவிதாவுக்கு மிஞ்சுவது மூன்றாவது விருப்பம்.

இதே கவிதா, மருந்தியல் ஆசையை மறைத்து, தாதிமைதான் எனக்கு உயிர் என்று முதல் வரியில் எழுதியிருந்தால்? தாதிமை அவளுக்குத்தான் கிடைத்திருக்கும். ஆக, இந்த விதியில் நம் கிராணிப் பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உள்ளதைச் சொன்னவள் தோற்றாள். கணக்குப் போட்டுப் பொய் எழுதியிருந்தால் தப்பித்திருப்பாள். அந்தக் கணக்கைப் போட, மற்ற பிள்ளைகள் என்ன எழுதப்போகிறார்கள் என்ற உளவு வேண்டும். விவரம் தெரிந்த மாமா, பள்ளியில் ஆள் உள்ள அப்பா, இவர்களெல்லாம் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த உளவு வீடு தேடி வரும். தோட்ட லயத்துப் பிள்ளைக்கு வராது. எனக்கே ஒரு முறை சூடு பட்டிருக்கிறது. ஆறாம் படிவம் முடித்த கையோடு ஒரு விடுதி இடத்துக்கு விண்ணப்பித்தேன். மனத்தில் இருந்ததை அப்படியே முதலில் எழுதினேன், அதுவும் போய் இரண்டாவதும் போனது. என்னைவிடக் குறைந்த புள்ளி வாங்கிய நண்பனுக்கு என் இரண்டாவது இடம் கிடைத்தது. அவனுடைய அண்ணன் அங்கே ஏற்கனவே தங்கியிருந்தவன், எதை மேலே போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தான். அந்த வருடம் முழுக்க, தப்பு என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் தன் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைப் பிரித்தது ஏறக்குறைய இதே விதியில்தான். அதனால் ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பாஸ்டன் முறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள், ஊருக்கு நல்ல பெயர்தான்! அதில் உள்ள கோளாறை அதிலா அப்துல்காதிரோக்லு, தைஃபுன் சன்மெஸ் என்ற இரண்டு துருக்கியப் பொருளாதாரர்கள் 2003இல் எழுதிய கட்டுரை பிட்டு பிட்டு வைத்தது. 2005இல் அந்த நகரம் விதியை மாற்றிக்கொண்டது.

கொடுத்ததைக் கொடுத்ததாக வைக்காதே

மாற்று விதி பல ஆண்டுகளாகத் தயாராகத்தான் இருந்தது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணிதக்காரர்கள் 1962இல் ஒரு கணிதச் சஞ்சிகையில் ஏழே பக்கத்தில் எழுதியது. அதில் சமன்பாடுகள் மிரட்டாது. கட்டுரையின் முடிவில் அவர்களே இதைச் சொல்லிக்கொள்கிறார்கள்: எங்கள் வாதத்தைச் சாதாரண மொழியில்தான் எழுதினோம், ஆனாலும் இது கணிதம்தான். கணக்கு என்றால் எண்ணும் குறியும்தான் என்று பயப்படும் என் மாணவர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன்.

அவர்கள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. இடத்தை உடனே கொடுத்துவிடாதே. கேட்டு வந்தவர்களில் நல்லவரைப் பிடித்து வை, உறுதி மட்டும் சொல்லாதே. இதைவிட நல்லவர் பின்னால் வந்தால் பிடித்து வைத்தவரை விட்டுவிடு. விடப்பட்டவர் தன் பட்டியலில் அடுத்த இடத்துக்குப் போய்க் கேட்கட்டும். யாரும் கேட்க வேண்டிய இடம் பாக்கியில்லை என்ற நிலை வந்தபின், அவரவர் கையில் இருப்பது அவரவருக்கு. ஒத்திவைத்த ஒப்புதல் என்று தமிழில் சொல்லலாம்.

நம் மூன்று பிள்ளைகளையும் இந்த விதியில் விட்டுப் பார்ப்போம். மருந்தியல் பிரேமைப் பிடித்து வைக்கிறது, கவிதாவை அனுப்பிவிடுகிறது. தாதிமை தேவியைப் பிடித்து வைக்கிறது. இதுவரை பழைய கதை. இப்போது கவிதா தாதிமைக் கதவைத் தட்டுகிறாள். கதவு சாத்தவில்லை! 88, 81 இரண்டையும் பார்த்துக் கவிதாவை உள்ளே எடுத்து, தேவியை விடுகிறார்கள். தேவி ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறாள், அங்கே இடம் காலி. முடிந்தது. கவிதா பொய் எழுதிப் பெற்றிருக்கக்கூடிய அதே இடம், உண்மையை எழுதியும் கிடைத்துவிட்டது. மருந்தியலை முதலில் கேட்டதற்காக அவளுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. தேவிக்கு வருத்தம் இருக்கும், ஆனால் தன்னைவிடக் குறைந்தவர் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற மனத்தாங்கல் இருக்காது. இரண்டும் வேறு வேறு.

இந்த மனத்தாங்கல் இல்லாத நிலைக்குத்தான் நிலையான பொருத்தம் என்று பெயர். எந்த மூலையில் தேடினாலும், தங்களுக்குக் கிடைத்ததை உதறிவிட்டு ஒருவரோடு ஒருவர் சேர்ந்துகொள்ளத் துடிக்கும் ஜோடி இருக்கக் கூடாது. ஓடிப்போக ஆள் இல்லாத ஊர் என்று சொன்னால் எங்கள் ஊரில் சட்டென்று புரிந்துவிடும். பத்துப் பொருத்தம் பார்க்கும் தரகர் பதினொன்றாவதாக இதையும் பார்க்கலாம்.

எப்போதும் இப்படி முடியும் என்று எப்படித் தெரியும்? கவிதாவுக்குக் கிடைத்ததைவிட இன்னொரு படிப்பு பிடித்திருக்கிறது என்றால், பட்டியலில் அது மேலே இருந்திருக்கும், அதை அவள் முன்பே கேட்டிருப்பாள். அங்கே அவளை விட்டார்கள் என்றால் அவளைவிட நல்லவர் கையில் இருந்தார் என்று அர்த்தம். அந்தப் படிப்பின் கையில் இருப்பவர் போகப் போக மேம்படுவாரே தவிர இறங்குவதில்லை. எனவே அவர்கள் அவளுக்காக ஏங்கப்போவதில்லை. அவ்வளவுதான் நிரூபணம். எத்தனை பேர் வந்தாலும், எப்படிப்பட்ட பட்டியல் தந்தாலும் இதே வாதம் நிற்கும்.

யார் போய்க் கேட்கிறார்கள்?

கேலும் ஷாப்லியும் இதைக் கல்யாணத்தை வைத்தும் விளக்கினார்கள். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இருக்கிறது.

குமார், செல்வம் என்று இரண்டு மாப்பிள்ளைகள். ராதா, மலர் என்று இரண்டு பெண்கள். குமாருக்கு ராதாவைப் பிடித்திருக்கிறது, செல்வத்துக்கு மலரை. ஆனால் ராதாவுக்குச் செல்வத்தைத்தான் அதிகம் பிடிக்கும், மலருக்குக் குமாரை. வழக்கம்போல மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டுப் போகிறார்கள். குமார் ராதா வீட்டுக்கு, செல்வம் மலர் வீட்டுக்கு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே வரன், இரண்டு பேரும் சரி என்கிறார்கள். மாப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் முதல் விருப்பம், பெண்கள் இரண்டு பேருக்கும் இரண்டாவது. இப்போது பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்டுப் போவதாக மாற்றுங்கள். ராதா செல்வத்தை, மலர் குமாரை. எல்லாம் தலைகீழ்.

இரண்டு முடிவும் நிலையானவைதான், இரண்டிலும் ஓடிப்போகும் ஜோடி இல்லை. ஆனால் போய்க் கேட்கிறவர்களுக்கு, நிலையான பொருத்தங்களிலேயே கிடைக்கக்கூடிய மிக நல்லது கிடைக்கிறது. வீட்டில் உட்கார்ந்து வருகிறவர்களைத் தட்டிக் கழித்துத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு, நிலையான பொருத்தங்களில் மிகக் குறைந்தது. இது இந்த நான்கு பேரோடு நிற்பதில்லை, பொதுவாகவே நிரூபித்திருக்கிறார்கள். காப்பித் தட்டோடு வந்து நிற்கிற பெண்ணிடம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கு இருக்கிறதே என்பார்கள். கேட்கும் உரிமை அதைவிடப் பெரியது என்று கணக்கு சொல்கிறது. என் பாட்டி இதைக் கணக்கு இல்லாமலே சொல்லுவார், வேறு வார்த்தைகளில், இங்கே எழுத முடியாது.

உண்மை சொல்வதிலும் இந்த இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. கேட்கும் பக்கத்துக்குப் பொய்ப்பட்டியல் தந்து லாபம் பார்க்க வழியே இல்லை. இதை லெஸ்டர் டூபின்ஸ், டேவிட் ஃப்ரீட்மன் இருவரும் 1981இல் காட்டினார்கள், பொருளாதாரர் ஆல்வின் ராத்தும் அடுத்த ஆண்டு காட்டினார். கேட்கப்படும் பக்கத்துக்குச் சில நேரம் பொய் லாபம் தரும். இரண்டு பக்கமும் எப்போதும் உண்மை சொல்லும்படியான, எப்போதும் நிலையான முடிவு தரும் விதி எதுவும் இருக்கவே முடியாது என்றும் ராத் நிரூபித்தார். மெட்ரோலாக் ஒரு முனையில்தான் வேலை செய்யும், இரண்டு முனையிலும் அல்ல.

ராத் அடுத்துக் கண்டுபிடித்தது ஒரு வேடிக்கை. அமெரிக்க மருத்துவமனைகள் ஒரு காலத்தில் பயிற்சி டாக்டர்களைப் பிடிக்கப் போட்டி போட்டு, படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே வேலை கொடுக்கத் தொடங்கியிருந்தன. அதைத் தடுத்தபோது வேறு தொல்லை வந்தது. வேலையை நீட்டி, சில மணி நேரத்துக்குள் பதில் சொல் என்று நெருக்கினார்கள். அலுத்துப்போய் 1950களின் தொடக்கத்தில், எல்லாரும் பட்டியல் கொடுங்கள், நடுவில் ஒரு அலுவலகம் பொருத்தட்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் பட்டறிவால் அமைத்துக்கொண்ட விதி, சாரத்தில் கேலும் ஷாப்லியும் பத்தாண்டு கழித்து எழுதப்போகும் விதியேதான் என்று ராத் 1984இல் காட்டினார். அதில் கேட்கும் பக்கம் மருத்துவமனைகள்! இளம் டாக்டர்கள் பின்னால் இதைக் கேள்வி கேட்டார்கள். ராத்தும் இலியட் பெரான்சன் என்பவரும் சேர்ந்து, டாக்டர்கள் கேட்பதாக விதியைத் திருப்பி எழுதினார்கள். 1998 முதல் அதுதான் நடப்பு. உண்மைப் பட்டியல்களை ஓட்டிப் பார்த்தபோது இந்தத் திருப்பத்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு டாக்டருக்குத்தான் இடம் மாறியது. கல்யாண உதாரணத்தில் மலைபோலத் தெரிந்தது, ஆயிரக்கணக்கான பேர் உள்ள சந்தையில் கடுகாகிவிட்டது. தாளில் போடும் கணக்கை ஊரில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நியூயார்க்கில் விதி மாறியது கடுகு இல்லை. அங்கே உயர்நிலைப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 90,000 பிள்ளைகள். பழைய முறையில் சுமார் 30,000 பேர், தாங்கள் பட்டியலில் எழுதவே எழுதாத பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். 2003இல் ஒத்திவைத்த ஒப்புதலுக்கு விதி மாறியதும் அது சுமார் 3,000 ஆக இறங்கியது. புதிய பள்ளி எதையும் கட்டி இதைச் செய்யவில்லை. 2012இல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் நோபல் கிடைத்தது. கேல் அதற்கு நான்கு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

விரல் நீட்டு

கேல் இன்னொன்றும் யோசித்து வைத்திருந்தார். ஷாப்லியும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் 1974இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. லயத்தில் எல்லாருக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஆனால் ஒருவருக்குக் கோயில் பக்கம் வேண்டும், ஒருவருக்குக் கோயில் ஒலிபெருக்கிக்குத் தூரமாக வேண்டும். காசு கைமாறக் கூடாது. எப்படி மாற்றிக்கொள்வது? எல்லாரையும் திடலில் நிறுத்துங்கள். தனக்கு எந்த வீடு மிகவும் பிடிக்குமோ அந்த வீட்டுக்காரரை நோக்கி ஒவ்வொருவரும் விரல் நீட்டட்டும். தன் வீடே போதும் என்றால் தன்னையே காட்டலாம். நீட்டிய விரல்களைப் பின்தொடர்ந்து போனால் எங்காவது ஒரு வட்டம் கட்டாயம் வரும். அந்த வட்டத்தில் உள்ளவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு கிளம்பட்டும். மிச்சம் உள்ளவர்கள் மீண்டும் விரல் நீட்டட்டும். இங்கேயும் பொய்யாக விரல் நீட்டுவதால் ஒரு பைசா லாபமில்லை.

விளையாட்டுப் போலத் தெரிந்த இந்த வட்டம் பிறகு உயிர் காக்கும் வேலைக்கு வந்தது. எங்கள் ஊரிலும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்வருகிறவர்கள் உண்டு. கணவருக்குச் சிறுநீரகம் கொடுக்க மனைவி தயார், ரத்த வகை சேரவில்லை. இன்னொரு ஊரில் இன்னொரு தம்பதிக்கும் அதே நிலை, ஆனால் இவர் கொடுப்பது அவருக்குச் சேரும், அவர் கொடுப்பது இவருக்கு. வீட்டுக்குப் பதில் சிறுநீரகம், அவ்வளவுதான் வித்தியாசம். ராத், சன்மெஸ், உட்கு உன்வெர் மூவரும் 2004இல் இதற்கான முறையை எழுதினார்கள், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி மருத்துவமனைகள் அதைக் கையில் எடுத்தன. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. என் கணவருக்கு வந்தபின் நான் கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் பின்வாங்கினால் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. அதனால் இரண்டு கொடையாளர், இரண்டு நோயாளி, நான்கு அறுவைச் சிகிச்சையையும் ஒரே நேரத்தில் செய்வார்கள். விதியை வடிவமைப்பது என்றால் ஆபரேஷன் மேசைகளை எண்ணுவதும் சேர்ந்ததுதான்.

மறுபடி ஒட்டுக்கடைக்கு வருவோம். பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். எந்த விண்ணப்பமாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுத் தெரிந்துகொள். என்னைவிடக் குறைந்த புள்ளி உள்ளவர், இந்தப் படிப்பைத் தன் பட்டியலில் மேலே போட்டார் என்பதற்காகவே எனக்கு முன்னால் போய்விடுவாரா? ஆமாம் என்றால் பெரியவர் சொன்னபடி கவனமாக எழுது. இல்லை என்றால் கடைக்கார அண்ணன் சொன்னபடி மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுது. ஒரு திருத்தம் மட்டும். பட்டியல் 12 வரியோடு முடிகிறது. உண்மையை எழுதினால் நஷ்டமில்லை என்ற உத்தரவாதம், வேண்டியதையெல்லாம் எழுத இடம் இருந்தால்தான் முழுசாக நிற்கும். எனவே நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்த ஒன்றிரண்டைக் கீழ் வரிகளில் வைத்துக்கொள். பாதுகாப்பு அடியில் இருக்கட்டும்.

அவள் தலையாட்டிக்கொண்டே பென்சிலை எடுத்தாள். பெரியவருக்கு இன்னும் திருப்தியில்லை. “எல்லாம் சரி சார். இவ்வளவு விதி கண்டுபிடிச்சவங்க, நம்ம மாதிரி சின்ன ஊருக்கு டாக்டருங்க வர்ற மாதிரி ஒரு விதி போட முடியாதா?”

கேட்ட கேள்வி அவருக்கே தெரியாமல் ஒரு தேற்றத்தின் வாசலில் போய் நின்றுவிட்டது. அமெரிக்காவிலும் சிறிய ஊர் மருத்துவமனைகள் இதையே கேட்டன. பொருத்தும் விதியை மாற்றினால் எங்களுக்கும் ஆள் கிடைக்குமா என்று. ராத் 1986இல் பதில் சொன்னார், கிராமப்புற மருத்துவமனைத் தேற்றம் என்றே அதற்குப் பெயர். ஒரு நிலையான பொருத்தத்தில் ஒரு மருத்துவமனையின் இடங்கள் நிரம்பவில்லை என்றால், எந்த நிலையான பொருத்தத்தை எடுத்தாலும் அதே டாக்டர்கள்தான் அங்கே வருவார்கள். ஒருவர் கூடவும் மாட்டார், ஆளும் மாறாது. யார் யாரைக் கேட்பது என்று திருப்பிப் போட்டாலும் அந்தக் காலி நாற்காலி காலியாகவே இருக்கும். பட்டியலில் உங்கள் ஊரை ஒருவர் எழுதினால்தான் கணக்கு அவரைக் கொண்டுவர முடியும். சம்பளம், வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, இவையெல்லாம் பட்டியல் எழுதும் முன்பே பார்க்க வேண்டிய வேலை, பொருத்துகிறவர் கையில் இல்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் தே கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிள்ளையிடம் கேட்டார். “நீ படிச்சு முடிச்சிட்டு இங்க வந்து வேலை பார்ப்பியாம்மா?”

“அது இந்தப் பட்டியல்ல இல்ல தாத்தா” என்றாள். முதல் வரியில் அழுத்தி எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. பக்கத்தைத் திருப்பி, புதுத்தாளில் ஒன்று என்று போட்டாள்.